ஏழே கால் வேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு எங்கள் கோயில் தெரு முனையில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில் முதல் மணி அடிப்பதும் அதே நேரத்துக்குத்தான். மணிச் சத்தம் கேட்டதும் வீட்டுக் கதவுகள் திறக்கும். முன்பெல்லாம் எல்லோரும் இடது பக்கம் திரும்பிக் கோயிலுக்கு நடப்பார்கள். இப்போது பாதிப் பேர் வலது பக்கம், வேனுக்கு.

வேன் போவது 28 கிலோமீட்டர் தள்ளி, பைபாஸில் இருக்கிற பெரிய ஜெப மண்டபத்துக்கு. எங்கள் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தன்று மட்டும் காலியாகப் போகும்.

எங்கள் சபைக்குச் சங்கக் கணக்கு எழுதுவது நான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, அந்த நோட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். சங்கம் என்றால் வேறொன்றுமில்லை, குடும்பத்துக்கு இவ்வளவு என்று சபைக்குக் கட்டும் மாதப் பணம். நோட்டில் 84 குடும்பங்கள். பெஞ்சில் தலைகளை எண்ணினால் நாற்பதைத் தாண்டாது. சரி, பாக்கி வைத்திருப்பது யார் என்று பார்த்தால், கோயிலுக்குத் தவறாமல் வருகிறவர்கள்தான்! வேனில் போகிறவர்கள் மாசம் பிறந்ததும் நூறு ரூபாயைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். காரணம் கல்லறைத் தோட்டம். பெரிய சபையில் திரை உண்டு, டிரம்ஸ் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. புதைக்க இடம் கிடையாது.

போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் சேகரத்தில் ஏழு ஊர், ஐயர் ஒருவர். மாதம் ஒரு தரம் வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர்தான். தங்கமான மனிதர், ஆனால் அவர் பிரசங்கத்தில் இரண்டாவது நிமிடமே எனக்கு உளுந்து ஊறப் போட்டோமா என்ற யோசனை வந்துவிடும். அந்தப் பெரிய மண்டபத்துக்கு நானும் ஒரு தடவை போனேன். பாட்டு ஆரம்பித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்தும் பக்கத்து நாற்காலிக்காரம்மா என் பெயரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சேகரக் கமிட்டியில் ஒருவர், போனவர்களையெல்லாம் துரோகிகள் என்பார். அவருக்கு நான் சட்டாம்பிள்ளையை ஞாபகப்படுத்துவேன். 1857இல் மிஷனரிகளோடு முறைத்துக்கொண்டு அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் தனிச் சபையே தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமையை விட்டுச் சனிக்கிழமை ஓய்வுநாள். பிரிந்து போவது எங்கள் சீமைக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்குப் பிரிந்தவர்கள் நடந்து போகிற தூரத்தில்தான் கோயில் கட்டினார்கள். யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவிடும்.

எதிர்வீட்டுப் பெரியம்மா ஒன்பது வருஷமாக வேனில் போனவர்கள். மாதாமாதம் சங்கத்தைக் கொடுக்கும்போது, "இந்தா பிள்ளே, என் குழிக்கு வாடகை" என்று சிரிப்பார்கள். போன ஐப்பசியில், ஒரு புதன்கிழமை விடியற்காலை இறந்துபோனார்கள். துக்க மணி அடித்தது எங்கள் கோயில் பணியாள், கோயில்குட்டி. குழி வெட்டியது, பந்தல் போட்டது, சுக்குக் காப்பி போட்டது எல்லாம் தெருக்காரர்கள். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊற, இரண்டு பையன்கள் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். வேன் வந்தபோது அடக்கம் பாதி முடிந்திருந்தது. இறங்கியவர்கள் அருமையாகப் பாடினார்கள். பெரியம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் சென்னைக்குக் கிளம்புமுன் மகன் வந்தான். "அம்மா பாக்கி ஏதும் இருக்கா சித்தி?"

"ஒரு பைசா இல்லை."

நோட்டைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்து, "அம்மா பேரை அடிச்சிட்டு என் பேரை எழுதிக்கோங்க" என்றான்.

"நீ இங்கே வரவா போறே?"

"வரலை சித்தி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். ஐந்து மாசத்துக்கு ரசீதும் போட்டுக் கொடுத்தேன்.