கேபிளையும் வைஃபையையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்தபோது: மேல்மாடி நெட்வொர்க் குறிப்புகள்

இடம்: மொரீசியஸ், குவாட்ர் போர்ன். 1960-இல் காரொல் புயல் அடித்த பிறகு தீவில் பெருகிய கான்கிரீட் வீடுகளில் ஒன்று. கீழ்வீட்டில் ஃபைபர் ரூட்டர். மேல்மாடியில் ஈத்தர்நெட் துளை மட்டுமே உள்ள பிரிண்டரும் ஒரு டிவியும். தளத்தைத் துளைத்துக் கேபிள் இறக்க முடியாததால், வைஃபை கார்டு உள்ள ஒரு பழைய மினி பிசியில் லினக்ஸ் போட்டு, கீழிருந்து வரும் வைஃபையைக் கேபிள் பக்கத்தோடு பிரிட்ஜ் செய்வது (இரண்டையும் ஒரே நெட்வொர்க்காக ஒட்டுவது) திட்டம். கீழே இருக்கும் போனிலிருந்து மேலே உள்ள பிரிண்டர் தானாகத் தெரிய வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் (ஒரே ஐபி முகவரி வரம்பு), நேட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்புவது) கூடாது.

பிரிட்ஜில் ஈத்தர்நெட் உடனே சேர்ந்தது. வைஃபையைச் சேர்த்தால் 'இந்தச் செயலுக்கு ஆதரவில்லை' என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மறுத்தது. டிரைவர் கோளாறு என்று நினைத்து இங்கே நேரத்தைக் கொட்டுபவர்கள் நிறைய பேர். கெர்னல் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கிளையண்ட் (வைஃபையில் இணையும் சாதனம்) அனுப்பும் வழக்கமான வைஃபை ஃபிரேமில் (வானில் போகும் தரவுத் துண்டில்) மூன்று மேக் முகவரிகளே (வன்பொருள் முகவரிகள்) உண்டு: ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை தரும் ரூட்டர்), அனுப்புபவர், சேர வேண்டியவர். வானில் அனுப்பும் கார்டும் பாக்கெட்டின் உண்மையான மூலமும் ஒருவரே என்பது அதன் அடிப்படை. பிரிண்டரின் பாக்கெட்டை மினி பிசி அனுப்பும்போது அவர்கள் இருவர். இரண்டாமவரின் முகவரியை எழுத அங்கே இடமில்லை.

இடம் தருவது நான்கு முகவரி ஃபிரேம். லினக்ஸில் வைஃபையை அமைக்கும் 'ஐடபிள்யூ' கட்டளையில் '4அட்ரஸ் ஆன்' கொடுத்ததும் பிரிட்ஜ் வைஃபையை ஏற்றுக்கொண்டது. ஆனால் பிரிண்டருக்கு ஐபி வரவில்லை. பிரிட்ஜில் டிசிபிடம்ப் (கடக்கும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டிப் பார்த்தால், பிரிண்டரின் டிஹெச்சிபி டிஸ்கவர் (ஐபி கேட்கும் பாக்கெட்) மீண்டும் மீண்டும் போகிறது, ஆஃபர் (அதற்கான பதில்) ஒன்றுகூட இல்லை. மறுமுனையும் நான்கு முகவரி பேசினால்தான் இது நடக்கும். இணைய நிறுவனம் கொடுத்த ரூட்டரில் அந்த வசதியே இல்லை.

அதனால் கீழே ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான லினக்ஸ்) போட்ட ஒரு ரூட்டரைச் சேர்த்தோம். ஃபைபர் ரூட்டரின் லேன் துளையிலிருந்து இதன் லேன் துளைக்குக் கேபிள் (இணையம் வரும் வேன் துளைக்கு அல்ல), இதன் டிஹெச்சிபி அணைப்பு, வைஃபை மோட் 'ஆக்சஸ் பாயிண்ட் (டபிள்யூடிஎஸ்)', அதாவது நான்கு முகவரி பேசும் மோட், நாடு எம்யூ (மொரீசியஸ்). மேலே உள்ள கார்டு ஏத்9கே டிரைவரில் ஓடுவது. நான்கு முகவரியில் சிக்கல் தரவில்லை. எந்த கார்டும் இப்படி வேலை செய்யும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

மேல்மாடியில் வரிசை முக்கியம். லினக்ஸில் இணைப்புகளைத் தானாக நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜரின் பிடியிலிருந்து கார்டை விடுவித்து, நான்கு முகவரியை இயக்கி, பிரிட்ஜில் சேர்த்து, அதன் பிறகே டபிள்யூபிஏ சப்ளிகண்டை (பாஸ்வேர்டோடு வைஃபையில் இணைக்கும் நிரல்) ஓட்ட வேண்டும். அதற்குப் பிரிட்ஜின் பெயரை '-பி' விருப்பத்தில் கொடுக்காவிட்டால் சாவிப் பரிமாற்ற ஃபிரேம்கள் பிரிட்ஜ் வழியே வருவது அதற்குத் தெரியாது. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் இணைப்பு அறுந்து அறுந்து போகும். ஐபி முகவரி பிரிட்ஜுக்குத்தான், ஈத்தர்நெட்டுக்கோ வைஃபைக்கோ அல்ல.

இணைந்ததா என்று பார்க்கக் கீழ் ரூட்டரின் இடைமுகப் பட்டியல் போதும்: வைஃபை பெயரோடு 'எஸ்டிஏ1' ஒட்டிய புது இடைமுகம் தோன்றி, பிரிட்ஜிலும் சேர்ந்திருக்கும். அது இல்லையென்றால் நான்கு முகவரி பேச்சு நடக்கவில்லை.

ஏஆர்பி (ஒரு ஐபியின் மேக் முகவரியைக் கேட்பது) பதில் வருகிறது, பிங் மட்டும் போகவில்லை என்றால் அந்த மினி பிசியில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) இருக்கிறதா பாருங்கள். டாக்கர் ஃபயர்வாலின் ஃபார்வர்ட் விதியை டிராப் (கடக்க விடாமல் தள்ளிவிடு) ஆக்குகிறது. பிஆர் நெட்ஃபில்டர் என்ற கெர்னல் பகுதி ஏறியிருந்தால் பிரிட்ஜில் கடக்கும் ஐபி பாக்கெட்டும் அந்த விதியில் மாட்டும். 'பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்' மதிப்பை 0 ஆக்கினால் வழி திறக்கும். எஸ்டிபி (லூப், அதாவது பாக்கெட்டுகள் ஓயாமல் சுற்றும் வட்டப் பாதை, உண்டாகாமல் தடுக்கும் நெறிமுறை) இயங்கினால் ஒவ்வொரு போர்ட்டும் கேட்க 15 வினாடி, கற்க 15 வினாடி எடுத்துக்கொள்ளும். பொறுமையில்லாத டிவி அதற்குள் ஐபி கேட்பதை விட்டுவிடும். ஆனால் சோதனைக்காக மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் இடையே கேபிளும் போடும் எண்ணம் இருந்தால் எஸ்டிபியை அணைக்கவே கூடாது, லூப் உண்டாகி வீடு முழுக்க நெட்வொர்க் நின்றுபோகும்.

கீழே இன்னொரு ரூட்டர் வைக்க முடியாதவர்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டியின் ரிலேடி உண்டு. ஏஆர்பிக்குத் தானே பதில் சொல்லி ஒரே சப்நெட் போலக் காட்டும். கீழ் ரூட்டரின் ஏஆர்பி பட்டியலில் மேல்மாடிச் சாதனங்கள் எல்லாம் ஒரே மேக் முகவரியில் தெரியும். ஐபிவி4 மட்டுமே கடக்கும். பிரிண்டர் தானாகத் தெரிய அவாஹி (சாதனங்களைக் கண்டுபிடிக்கும் நிரல்) தரும் ரிஃப்ளெக்டரைத் தனியாக இயக்க வேண்டும்.