லம்பெத் மாநாடும் என் 38 புள்ளிகளும்

திருச்சபை வரலாற்றுத் தாளில் முதல் தடவை எனக்குக் கிடைத்தது 38. இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த அங்கிலிக்கன் மரபின் ஒற்றுமையும் பிளவும் பற்றிய கேள்விக்கு இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் கல்யாணக் கதையை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அரசரே சபைக்குத் தலைவர் என்ற 1534 சட்டத்தோடு விடையும் முடிந்துவிட்டது. கேட்டதோ அதற்குப் பிறகு நடந்தவற்றை.

கிளிநொச்சிப் பக்கம் இருந்துகொண்டு தொலைக்கல்வியில் இறையியல் படிக்கிறவர்களுக்கு நூலகமும் இல்லை, கேட்க ஆளும் குறைவு. அதனால் இரண்டாம் முறை ஆண்டுகளைப் பாடமாக்குவதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சண்டையிலும் ஒன்றை மட்டும் கொப்பியில் எழுதிப் பார்த்தேன்: "நிறுத்து" என்று சொல்ல இதில் யாருக்கு அதிகாரம் இருந்தது?

பெரும்பாலும் ஒருவருக்கும் இல்லை. உலகெங்கும் உள்ள அங்கிலிக்கன் அத்தியட்சர்கள் (பிஷப்மார்) கூடும் லம்பெத் மாநாடு 1867-இல் முதன்முதலில் கூடியதற்கு, தென்னாபிரிக்காவின் நேட்டால் அத்தியட்சர் கொலென்சோவின் வேதாகம விளக்கங்களால் எழுந்த விவகாரம் ஒரு முக்கிய காரணம். ஆனால் அந்த மாநாடு சட்டம் போடும் சபை அல்ல என்று கூட்டியவர்களே சொல்லிவிட்டார்கள். அங்கிலிக்கன்களின் முதன்மை அத்தியட்சரான கன்டர்பரி பேராயர் அழைக்கலாம், கட்டளையிட முடியாது. 2003-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஓரினச் சேர்க்கையாளரான ஒருவர் அத்தியட்சரானபோதும், 2008-இல் எதிர்த்தவர்கள் எருசலேமில் தனியாகக் கூடியபோதும் இதே கதைதான். இந்த ஒரு இழையைப் பிடித்தால் பாதி விடை தன்னால் வரும்.

நான் அதிகம் தடுமாறியது 1947 இணைப்பைப் பற்றிய பகுதியில். எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்கி இடப்பக்கம் போனால் அங்கிலிக்கன்களின் இலங்கைத் திருச்சபை, வலப்பக்கம் தென்னிந்தியத் திருச்சபை. என்ன வித்தியாசம் என்று அம்மம்மாவிடம் கேட்டேன். "அங்கை முழங்காலிலை நிப்பினம், இங்கை இருந்துகொண்டு செபிப்பினம், அவ்வளவுதான்" என்றார். அது ஒன்றும் மோசமான விடை இல்லை.

தமிழ்நாட்டுப் புத்தகத்தை மட்டும் படித்தால் இங்கே வழுக்கிவிடும். 1947 செப்டெம்பர் 27-இல் சென்னையில் பல சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அந்தப் பக்க அங்கிலிக்கன்கள் அதில் சேர்ந்தார்கள். இலங்கையின் வடக்கில் சேர்ந்ததோ அமெரிக்க மிஷன் வழிவந்த சபைகள். அதுதான் அதன் யாழ்ப்பாண ஆதீனம், அதாவது ஒரு அத்தியட்சரின் ஆளுகைப் பகுதி. நம் அங்கிலிக்கன்கள் கொழும்பு ஆதீனத்திலேயே நின்றுவிட்டார்கள். நானும் முதலில் இரண்டையும் ஒன்றாக்கித்தான் எழுதினேன்.

அதைவிடச் சுவையானது ஒன்று உண்டு. மற்றவர்களோடு இணைந்ததே அங்கிலிக்கன் குடும்பத்துக்குள் ஒரு இடைவெளியை உண்டாக்கியது. வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், இரண்டு திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், நற்கருணை), வரலாற்று வழிவந்த அத்தியட்சர் பணி ஆகிய நான்கும் இணைப்புக்கு அடிப்படை என்று 1888 லம்பெத் மாநாடு சொன்னது. முதல் மூன்றில் பெரிதாகச் சிக்கல் இல்லை. அத்தியட்சரின் கையால் அபிஷேகம் பெறாத போதகர்களையும் புதிய சபை அப்படியே ஏற்றுக்கொண்டதால், 1948 லம்பெத் மாநாட்டில் ஒருமித்த முடிவு எடுக்க முடியவில்லை. விடையில் இந்த இடத்துக்குக் குறைந்தது ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

பெண் குருத்துவத்துக்கு இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்தால் போதும்: ஹொங்கொங் அத்தியட்சரின் கையால் முதல் பெண் குருவாக அபிஷேகம் பெற்ற புளோரன்ஸ் லி டிம்-ஓய் 1944, இங்கிலாந்துத் திருச்சபையில் 1994.

ஹென்றிக்கு ஆறு வரி.