வரி ஆபீஸை மூடிவிட முடியுமா?

"அண்ணாச்சி, அமெரிக்காவுல இன்கம்டாக்ஸ் ஆபீஸையே மூடப் போறாவளாமே, நம்ம ஊர்ல எப்பம்?"

திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் இப்படிக் கேட்டார். அவருடைய கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டி டிக் போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அன்று காலையில்தான் அவருக்கு ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. சப்ளையர் ஒருவர் ரிட்டர்னில் பில்லைக் காட்டாமல் விட்டதால், இவர் ஏற்கனவே கட்டிய வரியை மறுபடியும் கட்டச் சொல்லும் நோட்டீஸ். அந்த வயிற்றெரிச்சலில் வந்த கேள்வி அது. நான் பதில் சொல்லாமல் பில்களைக் கட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

1993-இல் பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அப்புறம் தனியாக வந்து, விற்பனை வரி, வாட், இப்போது ஜிஎஸ்டி, இடையில் வருமான வரி என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்தக் காலத்தில் எத்தனையோ வரிகள் ஒழிந்ததைப் பார்த்திருக்கிறேன். நன்கொடை வரி 1998-இல் போனது. சொத்து வரி என்று பணக்காரர்களுக்குப் போட்டிருந்த 1957-ஆம் வருடச் சட்டம் 2015-இல் போனது. 2017 ஜூலை 1 அன்று ஒரே ராத்திரியில் மத்திய, மாநில வரிகள் 17 ஜிஎஸ்டிக்குள் போய்விட்டன. வரி போவது சாதாரண விஷயம். அதை வசூலித்த அலுவலகம் எங்கே போனது என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்து உப்பையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. உப்பு வரிக்காக நாடே சிறைக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வரி 1947-இல், சுதந்திரத்துக்குச் சில மாதம் முன்பே, எடுக்கப்பட்டது. உப்புத் துறை எடுக்கப்படவில்லை. உப்பு ஆணையர் அமைப்பு என்ற பெயரில் அது தொடர்ந்தது. அளவு பார்ப்பது, தரம் பார்ப்பது, அயோடின் சேர்த்திருக்கிறதா என்று பார்ப்பது என அதற்கு வேறு வேலைகள் வந்தன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மேஜையில் இருந்த கலால் வரிப் புத்தகத்தின் பெயர் 'மத்தியக் கலால் மற்றும் உப்புச் சட்டம், 1944'. உப்பு வரி போய் நாற்பத்தாறு வருடம் ஆகியும் சட்டத்தின் பெயரில் உப்பு இருந்தது. 1996-இல்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள்.

அமெரிக்கக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1862-இல் வரி ஆணையர் பதவியை உண்டாக்கினார்கள். வருமான வரி 1872-இல் காலாவதியானது. அலுவலகம் காலாவதியாகவில்லை. சாராயம், புகையிலை மீதான வரியை வசூலித்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. 1894-இல் மறுபடி வருமான வரி கொண்டுவந்தார்கள், அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1913-இல் அரசியல் சட்டத்தையே 16-ஆவது முறையாகத் திருத்தி வருமான வரியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, வசூலிக்க ஆள் தயாராக இருந்தது. அந்த வரி அலுவலகத்துக்கு ஐ.ஆர்.எஸ். என்ற இன்றைய பெயர் 1953-இல் வந்தது.

சரி, இப்போது அங்கே என்ன சொல்கிறார்கள்? 'ஃபேர் டாக்ஸ்' என்று ஒரு மசோதா. 1999-இல் முதலில் வந்தது, திரும்பத் திரும்பத் தாக்கல் ஆகிறது, 2025 ஜனவரியிலும் ஆனது. இன்றுவரை நிறைவேறவில்லை. வருமான வரி, சம்பளத்தில் பிடிக்கும் வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நாடு முழுவதும் 23 சதவீத விற்பனை வரி. ஐ.ஆர்.எஸ். கிடையாது.

அந்த 23-ஐப் படித்ததும் பில் போடுகிறவன் கண்ணுக்கு ஒன்று தட்டுப்படும். அது வரியை உள்ளே வைத்துச் சொன்ன கணக்கு. கடைக்காரருக்கு 77, அரசுக்கு 23, வாங்குகிறவர் கொடுப்பது 100. நம் ஊர் முறையில் பொருளின் விலைக்கு மேல் வரி போட்டால் 77-க்கு 23, அதாவது கிட்டத்தட்ட 30 சதவீதம். நம் அல்வாவுக்கு 5 சதவீதம்தான். அந்த 5 சதவீதத்துக்கே "பில் வேணுமா, வேண்டாமா?" என்ற பேச்சு எத்தனை கடைகளில் நடந்தது என்று எனக்குத் தெரியும். 30 சதவீதத்தை முழுக்க முழுக்கக் கடைசிக் கடைக்காரர் கையில் வசூலிக்கக் கொடுத்தால், துண்டுச் சீட்டில் வியாபாரம் நடக்காமல் இருக்க ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு ஆபீசர் வேண்டும். ஜிஎஸ்டியில் நான் வாங்கினதும் விற்றதும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். இதில் அந்தச் சங்கிலி இல்லை.

யார் வசூலிப்பது என்றால், மாநில அரசுகள் என்கிறது மசோதா. விற்பனை வரியே இல்லாத ஐந்து மாநிலங்கள் அங்கே இருக்கின்றன, ஓரிகன், மொன்டானா மாதிரி. அங்கே புதிதாக ஆபீஸ் திறக்க வேண்டும். மேற்பார்வைக்கு மத்தியில் நிதித்துறைக்குள் ஒரு பிரிவு வேண்டும் என்று மசோதாவே சொல்கிறது. ஏழைகளுக்கு அடிபடக் கூடாது என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதாமாதம் முன்கூட்டியே பணம் அனுப்பும் ஏற்பாடும் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த வீட்டில் எத்தனை பேர், யார் இறந்தார், எந்தப் பிள்ளை கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனது என்ற பதிவேட்டை யாராவது வைத்திருக்க வேண்டுமே. ரேஷன் கார்டில் ஒரு பேரை நீக்கி இன்னொன்றில் சேர்க்க நம் தாலுகா அலுவலகத்தில் நின்றவர்களுக்கு அது எவ்வளவு வேலை என்று புரியும்.

இன்னொரு பேச்சு, இறக்குமதி வரியை வைத்தே எல்லாவற்றையும் நடத்திவிடலாம் என்பது. டிரம்ப் 2025 தொடக்கத்தில் அதற்கென்று தனி வசூல் அமைப்பே வரும் என்றார். 2024-இல் அமெரிக்கா இறக்குமதி செய்த சரக்கின் மொத்த மதிப்பே சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். ஐ.ஆர்.எஸ். அந்த நிதியாண்டில் வசூலித்தது 5 லட்சம் கோடி டாலருக்கு மேல். சரக்கின் விலை அளவுக்கே வரி போட்டாலும் எட்டாது. அப்படிப் போட்டால் சரக்கும் வராது. நம் நாட்டிலும் 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசு எதிர்பார்த்த மொத்த வரி 42.7 லட்சம் கோடி ரூபாய், அதில் நேரடி வரி மட்டும் 25.2 லட்சம் கோடி. பாதிக்கு மேல். இதை எடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது?

கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் இதைப் பேசினால் உடனே துபாயைச் சொல்வார்கள். "அங்க வரியே கிடையாதுல்லா?" என்பார்கள். சம்பளத்துக்கு இன்றும் கிடையாது, உண்மைதான். ஆனால் துபாய் இருக்கும், எண்ணெய்ப் பணம் உள்ள ஐக்கிய அரபு அமீரகமே 2016-இல் புதிதாக ஒரு வரி ஆணையத்தை உண்டாக்கியது. 2018 ஜனவரியில் 5 சதவீத வாட் வந்தது, 2023 ஜூனிலிருந்து கம்பெனி லாபத்துக்கு 9 சதவீதம். என்னிடம் கணக்குப் பழகிய பையன் ஒருவன் இப்போது அங்கே வாட் ரிட்டர்ன் போட்டுச் சம்பாதிக்கிறான். வரி ஆபீஸ் இல்லாத ஊரில் ஆபீஸ் திறந்ததால் அவனுக்கு வேலை கிடைத்தது.

இதெல்லாம் பெரிய கணக்கு. நான் கையில் பட்டு உணர்ந்தது வேறு.

2009 மழைக்காலம். கொல்லத்துக்கு எவர்சில்வர் பாத்திர லோடு ஒன்று போனது. மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்திவிட்டார்கள். பில்லில் இருந்த லாரி நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. எழுதியது நான். ராத்திரி பதினோரு மணிக்குப் பைக்கில் கிளம்பி, சாரலில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். பின்னால் ஒரு மைல் தூரத்துக்கு லாரிகள். ஆபீசர் ஆர்.சி. புத்தகத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலாளியின் கடிதம் வேண்டும் என்றார். விடிந்து, கடிதம் வந்து, லோடு கிளம்பக் காலை எட்டு மணி ஆனது. டிரைவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை: "கணக்குப்பிள்ளை, நீங்க ஒரு நம்பரை மாத்தி எழுதுனதுக்கு எனக்கு ஒரு ராத்திரி போச்சு." அந்த வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு நம்பர் எழுதினால் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்ப்பேன்.

ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லையில் வணிகவரிச் சாவடிகள் போயின. உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஒன்பது மாதம் கழித்து, 2018 ஏப்ரலில், இ-வே பில் வந்தது, சரக்கு கிளம்பும் முன் ஆன்லைனில் எடுக்க வேண்டிய சீட்டு. லாரி நம்பரை இப்போது நானே கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சாவடி ஓர் இடத்தில் இருந்தது, இப்போது சோதனை ஸ்குவாட் எந்த ரோட்டிலும் நிற்கலாம். லாரிகள் வேகமாகப் போகின்றன, அது பெரிய லாபம், மறுக்க மாட்டேன். ஆனால் சரிபார்க்கும் வேலை ஒழியவில்லை. சாவடியில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் செய்த வேலையில் பாதியைக் கடைக்காரர் தன் செலவில் செய்கிறார். அவரால் முடியாவிட்டால் என் மாதிரி ஆளுக்குப் பணம் கொடுத்துச் செய்கிறார். வெளிமாநிலத்தில் வாங்குகிறவர் வரிச் சலுகைக்காகக் கொடுக்க வேண்டிய சி பாரத்தின் கதையும் இதேதான். வெளிமாநில வியாபாரியிடம் சி பாரம் கேட்டு வருடக்கணக்கில் கடிதம் போட்ட காலம் போனது. இப்போது சப்ளையர் 11-ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாரா என்று மாதாமாதம் போன் போடுகிறேன்.

அதனால் வரி அலுவலகத்தை ஒழிப்போம் என்று யாராவது சொன்னால், அந்த வேலை இனி யார் மேஜைக்கு வரப்போகிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஒழிப்பது நடக்கும் காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைவிட, நடக்க வேண்டிய காரியம் என்றும் தோன்றவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு மத்தியானம், அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். மஞ்சப் பை நிறைய பில். வீட்டுக்காரர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தவர், ஏழு மாதம் முன்பு இறந்துவிட்டார். கடையை இந்த அம்மாவும் மகளும் திறந்து நடத்திக்கொண்டிருந்தார்கள். ரிட்டர்ன் போகவில்லை, பதிவு ரத்தாகும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது.

"போடணும்னுதான் பார்த்தோம் அண்ணாச்சி. ஓடிபி அவிய நம்பருக்குல்லா போவுது" என்றார்.

ஆஸ்பத்திரி அலைச்சலில் அந்த சிம்முக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. கம்பெனி நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. நான் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பையன் எடுத்து இந்தியில் பேசினான். இறந்த மனிதரின் கடைக்கதவுக்குச் சாவி அவன் கையில் இருந்தது, அது அவனுக்கே தெரியாது. உதவி எண்ணில் பேசினால் ஒரு டிக்கெட் நம்பர் வந்தது. இன்னொரு முறை பேசினால் இன்னொரு டிக்கெட் நம்பர். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, கணவரின் கையெழுத்தில் இருந்த சரக்கு நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு வரி அலுவலகத்துக்கே போனேன். மாடிப்படி, மர பெஞ்ச், சுவர் ஓரம் அடுக்கிய ஃபைல்கள். 1993-இலிருந்து நான் ஏறும் மாதிரியான படிகள். உள்ளே இருந்த ஆபீசர் அம்மாவை உட்காரச் சொன்னார். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். "உங்க பேருல புதுசா பதிவு எடுக்கணும்மா. பழைய பதிவுல இருக்கிற வரவை அதுக்கு மாத்திக்கலாம், பணம் எங்கேயும் போயிடாது" என்று நிதானமாகச் சொன்னார். பழைய பதிவில் இந்த அம்மாவின் போன் நம்பரை மாற்றித்தர மனு எழுதச் சொன்னார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அம்மா கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது.

பெரிய கம்பெனிக்குச் சென்னையில் ஆடிட்டர் இருக்கிறார், டெல்லியில் வக்கீல் இருக்கிறார். இவரை மாதிரி ஒருவருக்கு, எதிரே உட்கார்ந்து பேச ஒரு மனிதரும் ஒரு நாற்காலியும் வேண்டும். 2020-இலிருந்து வருமான வரியில் முகம் பார்க்காத விசாரணை வந்திருக்கிறது. லஞ்சத்துக்கு இடமில்லாமல் போக வேண்டும் என்பதற்காக வந்தது, அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாத ஒருவருக்கு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் கஷ்டத்தைக் கம்ப்யூட்டரில் டைப் செய்து புரியவைக்க நான் படும் பாடு கொஞ்சமில்லை. ஜவுளிக்கடைக்காரர் மூடச் சொல்லும் ஆபீஸ் வேறு, இந்த அம்மா ஏறி வந்த ஆபீஸ் வேறு என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் ஒன்றுதான். தப்பான நோட்டீஸ் அனுப்புவதை நிறுத்த வேண்டும், சப்ளையர் செய்த தவறுக்கு வாங்கினவரைப் பிடிப்பதை மாற்ற வேண்டும், இதற்காக நான் அந்த ஜவுளிக்கடைக்காரருடன் எந்த மேடையிலும் ஏறத் தயார். மூடுவதற்கு ஏற மாட்டேன்.

மனு கொடுத்து ஒன்பதாம் நாள் நம்பர் மாறியது. அன்று சாயங்காலம் லாகின் போட்டுவிட்டு அந்த அம்மாவுக்கு போன் செய்தேன்.

"இப்பம் உங்க போன்ல ஒரு மெசேஜ் வரும்மா, அதைப் படிங்க."

"வந்துட்டு அண்ணாச்சி" என்றார். மகளைக் கூப்பிட்டுக் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னது கேட்டது. பிறகு ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நான் விரலை வைத்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன்.