சி.டி.சி.பி. கார்ட்டை எடுக்கிற பல் டொக்டரை ஸ்காபரோவில் தேடின கதை

ஸ்காபரோவில் பல் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் கனேடிய அரசின் பல் பராமரிப்புத் திட்டமான சி.டி.சி.பி.யில் அம்மாவுக்குக் கிடைத்த கார்ட்டை வாங்கிக்கொண்டு, மேலதிகமாகக் காசு கேட்காமல் பல்லைப் பார்க்கிற ஒரு இடம் பிடிக்க எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கார்ட் வந்தும் நோவோடு வீட்டில் இருக்கிற வயசான ஆக்கள் எங்கள் சனத்துக்குள்ளேயே கனபேர். அவர்களுக்காக எழுதுகிறேன்.

விண்ணப்பத்தில் ஒரு கரைச்சலும் இல்லை. அம்மா வருசாவருசம் வரிக் கணக்குக் கொடுக்கிறவ, வேறு பல் காப்புறுதியும் இல்லை. குடும்ப வருமானம் 70,000 டொலருக்குக் கீழே என்பதால் 100 வீதம் கவர் என்று கடிதம் வந்தது.

அந்த 100 வீதம், திட்டம் தானே வகுத்து வைத்திருக்கிற கட்டணத்தில் 100 வீதம். ஒன்ராறியோ பல் வைத்தியர்கள் வழமையாக எடுக்கிற கட்டணம் பல வேலைகளுக்கு அதைவிடக் கூட. மிச்சத்தை நோயாளியிடம் வாங்கக் கிளினிக்குக்கு இடமிருக்கிறது. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

முதல் கிளினிக்கில் ரெலிபோனில் கேட்டபோது “ஓம், எடுக்கிறோம்” என்றார்கள். வீங்கின கன்னத்தில் கைலேஞ்சியை அழுத்திக்கொண்டு அம்மா என்னோடு பஸ்ஸில் வந்தா. எக்ஸ்ரே எடுத்த பிறகு ஒரு எஸ்டிமேட் தாளை நீட்டினார்கள். திட்டம் கட்டுவது ஒரு பக்கம், நோயாளி கட்டுவது மற்றப் பக்கம். மற்றப் பக்கத்தில் எல்லா வரியிலும் ஒரு தொகை இருந்தது.

“பிள்ளை, இதுக்கு நான் காசு கட்டவேணுமோ?” என்று அம்மா கேட்டா.

“எல்லா இடத்திலும் இப்படித்தான் அம்மா” என்றா ரிசெப்ஷனில் இருந்த பிள்ளை.

அது உண்மையில்லை. திட்டக் கட்டணத்தோடு நிறுத்திக்கொள்கிற கிளினிக்குகளும் இருக்கின்றன. நோவில் துடிக்கிற ஒரு வயசான மனிசியிடம் அப்படிச் சொன்னதை நினைக்க இன்றைக்கும் கோபம் வருகிறது.

பிறகு, இந்தத் திட்டத்தின் காசுக் கொடுப்பனவைப் பார்க்கிற காப்புறுதிக் கம்பனியான சன் லைஃபின் இணையத் தேடல் பக்கத்தில் போஸ்டல் கோட் போட்டு ஒவ்வொரு இடமாக அழைத்தேன். சிலர் இந்தத் திட்டத்தில் புது ஆக்களை எடுப்பதில்லை என்றார்கள். ஒரு இடத்தில், வரச் சொல்லி இருத்திவைத்துவிட்டு, “முழுக்காசையும் இப்ப கட்டுங்கோ, பிறகு நீங்களே கிளெய்ம் பண்ணி எடுக்கலாம்” என்றார்கள். அண்ணி காசு கட்டத் தன்ர வங்கிக் கார்ட்டை எடுக்கப் போனா, நான் மறித்துவிட்டேன். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: சன் லைஃப் காசைப் பல் வைத்தியருக்கு நேரே கட்டும், உங்களுக்குத் திருப்பித் தராது. அங்கே கட்டியிருந்தால் அந்தக் காசு போனதுதான்.

கடைசியில் கிடைத்தது எங்கள் கட்டடத்தில் இருக்கிற அன்ரி சொன்ன ஒரு சின்னக் கிளினிக். நான் பார்த்த பட்டியலில் அது இல்லவே இல்லை. 2024 ஜூலை 8 முதல், திட்டத்தில் பதியாத பல் வைத்தியரும் விரும்பினால் சன் லைஃபுக்கு நேரடியாக பில் அனுப்பலாம். அதனால் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள், உங்கள் பக்கத்துக் கிளினிக்கிடமும் கேளுங்கள். ஆனால் “சி.டி.சி.பி. எடுப்பீர்களா” என்று மட்டும் கேட்டால் போதாது. “திட்டக் கட்டணத்துக்கு மேலே எங்களிடம் வாங்குவீர்களா, எவ்வளவு? சன் லைஃபுக்கு நீங்களே பில் அனுப்புவீர்களா?” இரண்டையும் கேட்டு, வேலை தொடங்க முதல் எஸ்டிமேட்டைத் தாளில் வாங்குங்கள். அங்கே இரண்டுக்கும் நேராகப் பதில் சொன்னார்கள். பல்லைப் பிடுங்கினார்கள், அம்மா ஒரு சதமும் கட்டவில்லை. அன்றிரவு நித்திரை கொண்டா.

இப்போது பகுதிப் பல்செற் செய்யவேண்டும். அதற்கு முன்அனுமதி தேவை, கிளினிக்தான் எக்ஸ்ரேயோடு அனுப்பவேண்டும். அனுமதி வர முதல் அளவெடுக்கத் தொடங்கவேண்டாம் என்று அந்த டொக்டரே சொன்னார். முதல் கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் எக்ஸ்ரேயின் பிரதியைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, தயங்கவேண்டாம்.

இன்னொன்று: கவர் ஜூன் 30ஓடு முடிகிறது. ஒவ்வொரு வருசமும் ஜூன் 1க்கு முதல் புதுப்பிக்கவேண்டும், அதற்கு முந்தின வருச வரிக் கணக்குக் கொடுத்து, வரி அலுவலகத்தின் மதிப்பீட்டுக் கடிதமும் வந்திருக்கவேண்டும். வருமானம் இல்லைத்தானே என்று வீட்டில் பெரியாக்களின் வரிக் கணக்கைக் கொடுக்காமல் விட்டிருந்தால், இந்தக் கிழமையே அந்த வேலையைப் பாருங்கள்.