சாமந்தின்னா பூ எங்க?

தீபாவளி முடிந்து சரியாக மூன்று வாரம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் சாமந்தி, அதாவது செண்டுமல்லி, பூத்திருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, 14 டின்னிலும், டின்னுக்கு இருபது முப்பது என்று. போகிறவர்கள் வருகிறவர்கள் மோட்டாரை நிறுத்தி "அடடா, என்னா பூவு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது. தீபாவளிக்கு முதல் நாள் சுங்கை சிப்புட் பாசாரில் இதே ஆரஞ்சு குண்டுப்பூவை முழம் எத்தனை வெள்ளிக்கு வாங்கினேன் என்று இவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

என் கணக்கில் தப்பே கிடையாது. தீபாவளி அக்டோபர் 20. விதை போட்டு 60 நாளில் சாமந்தி பூக்கும், நான் ஆகஸ்டு முதல் வாரமே போட்டுவிட்டேன். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்துக் கிளைகள் வெடித்து நிறையப் பூக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கிள்ளினால் பூ கொஞ்சம் தள்ளிப் போகும். எத்தனை நாள் தள்ளும்? அதைத் தேடிப் பார்த்துச் சொல்லுடா என்று சின்னவனிடம் கேட்டேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை.

அவன் இங்கிலீஷில் எதையோ தட்டி ஒரு வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தான். கனடாக்காரர் ஒருவர், நெஞ்சு வரைக்கும் தாடி, ஊதா விளக்குக்குக் கீழே நின்றுகொண்டு என்ன அழகாக விளக்குகிறார்! நுனியை வெட்டுவதால் மட்டும் பூக்கும் நேரம் மாறிவிடாதாம், அந்தச் செடிக்குத் தினமும் 12 மணி நேரம் இருட்டு காட்டினால்தான் பூ. வெட்டின காயம் ஆற ஒரு வாரம் போல ஆகும், ஆறவிட்டு அப்புறம் விளக்கைக் குறை, அந்த ஒரு வாரம்தான் உனக்கு நஷ்டம் என்கிறார். இருட்டையெல்லாம் பார்க்காமல் வயசு வந்தால் தானே பூத்துவிடுகிற ஜாதி ஒன்று உண்டாம். அதை வெட்டினால் காயம் ஆறுவதற்குள் பூக்கிற வயசு வந்துவிடும், செடி குள்ளமாகவே நின்றுவிடும். நான் மளிகைச் சாமான் எழுதுகிற நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் சின்னவன் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தான். தாடிக்காரர் ஒரு இலையைக் கிட்டத்தில் காட்டினார்.

"டேய், இது கஞ்சாடா!"

கனடாவில் 2018-லேயே சட்டப்படி அனுமதித்துவிட்டார்கள், பெரும்பாலான மாநிலங்களில் வீட்டுக்கு நாலு செடி வளர்த்துக்கொள்ளலாம். இங்கே மலேசியாவில் வளர்த்தால் ஆயுள் தண்டனை, அதோடு ரோத்தான், அதாவது பிரம்படி. நான் நோட்டைக் கிழித்துப் போட்டேன், ஆனால் கைத்தொலைபேசி என்னை விடுவதாக இல்லை. அதன் பார்வையில் நான் பெரிய கஞ்சா விவசாயி, தினம் ஒரு தாடிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பூஜை நேரம் பார்க்கத் திறந்தேன், ஒருத்தன் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டான். தலைவர் மனைவி இன்னும் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

அதற்குள் பக்கத்து வீட்டுத் தண்டல் மாமா வேலியோரம் வந்துவிட்டார். பூ வராத சாமந்தியைப் பார்த்திருக்கிறீர்களா, இலை விரல் விரலாகப் பிரிந்து, ஓரமெல்லாம் பல் பல்லாக இருக்கும்.

"ஏம்மா, இது என்னா செடி?"

"சாமந்தி மாமா."

"சாமந்தின்னா பூ எங்க?"

அதுதானே எனக்கும் தெரியவில்லை. அக்டோபர் பிறந்தும் ஒரு மொட்டு இல்லை. சந்தேகம் தீரட்டும் என்று ஒரு இலையைக் கசக்கி அவர் கையில் கொடுத்தேன். மூன்று தடவை மோந்து பார்த்துவிட்டு, "வாடை அடிக்குதே" என்று இன்னும் கலவரமாகப் போனார்.

சின்னவன் புதுசாக ஒரு காரணம் கண்டுபிடித்தான். சாமந்திக்கும் நீள ராத்திரிதான் பிடிக்குமாம், வாசலில் தெரு விளக்கு பகல் மாதிரி எரிகிறது, அதான் பூக்கவில்லை. கேமரன் மலையில் செவந்திக்கு ராத்திரி பல்பு போட்டு, மொட்டு விடாமல் பிடித்து வைப்பார்கள், நாமே பார்த்திருக்கிறோம், கூடாரமெல்லாம் எரிகிற மாதிரி தெரியுமே. சரி என்று தினம் ராத்திரி 14 டின்னுக்கும் கறுப்பு குப்பைப் பை போட்டு மூடினேன். பத்து மணிக்கு, நைட்டியோடு, டார்ச்லைட்டை வாயில் கவ்விக்கொண்டு. அதையும் தண்டல் மாமா பார்த்தார்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் கோப்பி கலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை நடந்துகொண்டிருந்தார். டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து வாசலில்தான் நடை, குறுக்கே பத்து நடை, திரும்பப் பத்து நடை. நடக்க நடக்க வலது கை தானாகப் போய் ஒவ்வொரு டின்னிலும் டக் டக்கென்று கிள்ளுகிறது, இரண்டு இலை ஒரு குருத்து. கிள்ளினதைக் கண்ணால்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் எறிகிறார். அங்கே கூடை இல்லை. கேமரன் மலையில் ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தாத்தாவுக்கு முடியாமல் போனபோது இறங்கி வந்தவர், அந்தக் கூடையை இறக்கி வைத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். சிமெண்டுத் தரையில் அவர் நடந்த வழியெல்லாம் பச்சையாகக் கிடந்தது.

நான் ஒரு தடவை கிள்ளினேன். அத்தை தினமும் கிள்ளியிருக்கிறார், ஒரு மாசமாக.

கத்தலாம் என்றுதான் வெளியே போனேன். "என்னங்கத்தை பண்றீங்க?"

"நடக்கிறேன்" என்றார்.

அதற்கு மேல் என்ன சொல்ல? இவர் வேலைக்குப் போவதற்குள் டின்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். அந்த இடத்தில் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி கறிவேப்பிலை இரண்டு, துளசி இரண்டு வைத்தேன், கிள்ளக் கிள்ள நல்லதுதானே.

இன்றைக்குக் காலையில் தண்டல் மாமா யாரையும் கேட்காமல் சாமிக்கு ஒரு கை நிறையப் பறித்துக்கொண்டு, "சாமந்திதான்" என்று எனக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார். அத்தையைக் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே கூட்டிப் போய்க் காட்டினேன். குனிந்து ஒரு செடியை விலக்கி, அடியிலிருந்து நுனி வரைக்கும் கிளை கிளையாகப் பார்த்தார்.

"யாரோ நல்லா கிள்ளி விட்டிருக்காங்க" என்றார்.