ஆண்டில்லாத நினைவுகள்: திருகோணமலை ஆய்வு நாட்குறிப்பு

மார்ச் 3

இன்று உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைச் சந்தித்தேன். சொந்த வாழ்க்கை நினைவுகளுக்கு மக்கள் எவ்வாறு காலம் குறிக்கிறார்கள் என்பதை அறியும் எங்கள் ஆய்வில், சொல் ஒன்றைக் கொடுத்து, அதைக் கேட்டதும் மனதில் எழும் சொந்த வாழ்க்கைச் சம்பவத்தைச் சொல்லவைக்கும் முறையையே பின்பற்றுகிறோம். 1879இல் பிரான்சிஸ் கால்ட்டன் தம்மீதே செய்துபார்த்த இம்முறையைக் குரோவிட்சும் ஷிஃப்மனும் 1974இல் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். "வள்ளம்" என்றேன். முதல் நியமனத்துக்காக மூதூருக்குக் கடல்வழியே போனதையும், இறங்குதுறையில் புதுச் சேலை நனையாதிருக்க ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறுகையில் செருப்புடன் இறங்கியதையும் தயக்கமின்றிச் சொன்னார். எந்த ஆண்டு என்றதும் தடுமாறினார். "வருசம் தெரியாது பிள்ளை. நேவிக்காரர் போனதுக்குப் பிறகு, சூறாவளிக்கு முதல்."

பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியது 1957இல். சூறாவளி 1964 டிசம்பரில். இந்த ஏழாண்டு இடைவெளி அவருடைய இளமைப் பருவத்துக்குள் அடங்குகிறது. நடுவயதைக் கடந்தவர்களிடம் பத்து முதல் முப்பது வயது வரையான நினைவுகள் விகிதத்துக்கு மிஞ்சிக் குவிந்திருக்கும் என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட முடிவாகையால், இதில் எனக்கு வியப்பில்லை.

மார்ச் 5

உளவியலாளர் வாகனாரின் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையை மீண்டும் வாசித்தேன். ஆறு ஆண்டுகள் தம் அன்றாடச் சம்பவங்களை யார், என்ன, எங்கே, எப்போது என்று பிரித்துக் குறித்துவைத்து, பின்னர் அவற்றில் ஒவ்வொன்றையும் துப்பாகக் கொண்டு தம்மையே அவர் சோதித்தார். "என்ன" என்பது நினைவைச் சிறப்பாக மீட்டது. "எப்போது" என்பது தனித்து நின்றால் ஏறக்குறைய ஒன்றுக்கும் உதவவில்லை. ஒரே மனிதரின் சோதனைதான். என்றாலும், ஆய்வுகூடத்தில் மாணவர்களுக்குச் சொற்பட்டியல் கொடுத்துப் பெறும் முடிவுகள் பலவற்றைவிட இதையே நான் நம்புகிறேன். எங்கள் படிவத்தில் ஆண்டுக்கான கட்டம் கடைசியில் இருப்பதற்குக் காரணமும் இதுவே.

மார்ச் 9

திருக்கடலூரில் மீனவர் ஒருவர். 2004 டிசம்பர் 26ஐ நாள் தவறாமல் சொன்னார். ஆனால் அத்தேதி ஆண்டுதோறும் வானொலியிலும் அஞ்சலிக் கூட்டங்களிலும் ஒலிப்பதால், அதை அவருடைய நினைவாகக் கணக்கிட முடியாது. அன்று போயா (பௌர்ணமி நாள்), ஞாயிற்றுக்கிழமை என்றும் சொன்னார், இரண்டும் சரி. கரைவலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எழுந்து ஓடி, மேட்டுநிலத்தை அடைந்த பின்பே வலையூசி இன்னும் கைக்குள் இருப்பதைக் கண்டாராம்.

சலெஞ்சர் விண்கலம் வெடித்த செய்தியைக் கேட்டவிதத்தை மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கிய நைசரும் ஹார்ஷும், ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளின் பின் அதே கேள்விகளைக் கேட்டபோது, பலர் மிகுந்த உறுதியுடன் தவறாகச் சொன்னதைக் கண்டனர். அதைக் காட்டி இம்மீனவரின் நினைவையும் ஐயுறுவது பொருந்தாது. 1989இல் கலிபோர்னிய நிலநடுக்கத்தை நேரில் அனுபவித்தோர், அதைத் தொலைவிலிருந்து செய்தியாகக் கேட்டோரைவிட மிகத் துல்லியமாக நினைவுகூர்ந்தனர் என்று பிற்காலத்தில் காட்டியவர்களில் நைசரும் ஒருவர். மேற்கோள் காட்டுவோர் முதலாவது ஆய்வோடு நிறுத்திக்கொள்வது ஏனோ.

மார்ச் 14

ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலை. "இடம்பெயர முதல்", "முகாமில இருக்கேக்க", "கடல் வந்தாப் பிறகு" என்பவை திரும்பத் திரும்ப வருகின்றன. நோர்மன் பிரவுணும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஒப்பீடு இங்கே உதவுகிறது: பொஸ்னியர்கள் சொந்த நினைவுகளுக்குக் காலம் குறிக்கப் போரை அடிக்கடி துணைக்கழைத்தனர், நியூயோர்க்கினரோ 2001 செப்டம்பர் தாக்குதலை அவ்வாறு பெரிதும் பயன்படுத்தவில்லை. சம்பவத்தின் கொடூரம் மட்டும் போதாது. வீடு, தொழில், பள்ளிக்கூடம், அயலவர் என அன்றாடம் முழுவதையும் அது மாற்றியிருந்தால்தான் வாழ்க்கைக்கு எல்லைக்கல்லாகும் என்ற அவர்களின் விளக்கம் எங்கள் பதிவுகளுடன் ஒத்துப்போகிறது. கிண்ணியாவில் பேசிய இளம்பெண்ணுக்குச் சூறாவளி பாட்டி சொன்ன கதை. அவருடைய கணக்கு சுனாமியிலிருந்தும் திருமணத்திலிருந்தும் நடக்கிறது.

அடுத்த கட்டப் படிவத்தில் ஆண்டுக் கட்டத்தை எடுத்துவிட்டு, "எதற்கு முன், எதற்குப் பின்" என்ற இரு வரிகளைச் சேர்க்கும்படி குழுவினருக்கு இன்றிரவு எழுதுகிறேன். நாட்காட்டியோடு பொருத்திப் பார்ப்பது எங்கள் வேலை. அதைப் பேச வருகிறவர்கள் தலையில் கட்ட வேண்டியதில்லை.