கரண்ட் கம்மியா வருதுன்னா எது கம்மி?

எங்க ஊர்ல ஃபேன் மெதுவா சுத்துச்சுன்னா "கரண்ட் கம்மியா வருது"ம்பாங்க, சுவிட்ச தொட்டு கை உதறுனா "கரண்ட் அடிச்சிருச்சு", ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கட்டுறது கரண்ட் பில்லு. முதல்ல சொன்னது வோல்டேஜ், ரெண்டாவதுதான் நெசமாவே கரண்ட், மூணாவது கிலோவாட்டை மணிக்கணக்கால பெருக்கி வர்ற யூனிட். மூணுக்கும் ஒரே பேரை வச்சு பேசிப் பழகிட்டோம், அப்புறம் புள்ளைங்க பத்தாவது புக்க தொறந்தா மின்னழுத்தம் மின்னோட்டம் மின்னாற்றல்னு தனித்தனியா நிக்குது, எது எதுன்னு பிடிபட மாட்டேங்குது.

போன வாரம் அக்கா பொண்ணு ஒரு கணக்கோட வந்தா. 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒண்ணு, 40 வாட்ஸ் ஒண்ணு, ரெண்டையும் தொடரிணைப்புல (ஒரே லைன்ல ஒண்ணு பின்னாடி ஒண்ணா) 230 வோல்ட்ல போட்டா எது நல்லா எரியும்? "100 வாட்ஸ் தான் மாமா"ன்னா, யோசிக்கவே இல்ல. 100-ஐ 230-ஆல வகுத்து 0.43 ஆம்பியர்னும் எழுதிட்டா.

அந்த 100ங்கறது பல்புல அச்சடிச்ச நம்பர், அவ்ளோதான்மா, முழுசா 230 வோல்ட் கெடைச்சாதான் அது 100 வாட்ஸ், பல்பு கூடவே எங்க போனாலும் வர்றது அதோட மின்தடை மட்டும்தான்னு சொன்னேன். அதனால முதல்ல மின்தடையத்தான் கண்டுபிடிக்கணும், வோல்டேஜ் ஸ்கொயரை வாட்ஸால வகுத்தா வந்துரும். 100 வாட்ஸுக்கு 529 ஓம், 40 வாட்ஸுக்கு 1322.5 ஓம், ரெண்டும் சேர்ந்து 1851.5. 230-ஐ அதால வகுத்தா 0.124 ஆம்பியர். தொடரிணைப்புல ரெண்டு பல்புலயும் ஓடுறது இந்த ஒரே கரண்ட் தான், வோல்டேஜ்தான் பங்கு பிரியுது, மின்தடை அதிகமா இருக்கறவனுக்கு பங்கும் அதிகம். 40 வாட்ஸுக்கு 164 வோல்ட், மத்ததுக்கு வெறும் 66. பவர் பாத்தா 40 வாட்ஸ் பல்புல 20 வாட்ஸ், 100 வாட்ஸ் பல்புல 8 வாட்ஸ், அப்ப சின்ன பல்புதான் நல்லா எரியும்! (நெசத்துல டங்ஸ்டன் கம்பி சூடு கொறைஞ்சா மின்தடையும் கொறையும், அதனால பெரிய பல்பு இன்னும் மங்கிப்போய் லேசா செவப்பாத்தான் தெரியும்.)

நம்பாம மூணு தடவ போட்டுப் பாத்தா.

வீட்ல இருக்கற 1500 வாட்ஸ் ஹீட்டர் ராடையும் போட்டுப் பாத்தோம். மின்தடை சுமார் 35 ஓம். லோ வோல்டேஜ்ல 180 தான் வருதுன்னு வைங்க, கரண்ட் 6.5-ல இருந்து 5.1 ஆம்பியருக்கு எறங்குது, பவர் 919 வாட்ஸ் தான். வோல்டேஜ் கொறைஞ்சது அஞ்சுல ஒரு பங்கு, பவர் போனது அஞ்சுல ரெண்டு பங்கு, ஏன்னா கரண்டும் கூடவே எறங்கிருச்சு. 10 லிட்டர் தண்ணிய 27 டிகிரியிலருந்து 60-க்கு கொண்டுவர கால் மணி நேரம் ஆகறது 25 நிமிஷம் ஆகும். ஆனா மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, லோ வோல்டேஜ்ல லோடு இழுக்க அது கரண்ட கூட எடுக்கும், அதான் காயில் கருகுறது.

பெரியப்பா காயில் கட்டுற கடை வச்சிருந்தார், இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது அங்கதான். செவுத்துல ஒரு சீரீஸ் லேம்ப், அதாவது தொடரிணைப்புல மாட்டற 100 வாட்ஸ் குண்டு பல்பு. ரிப்பேருக்கு வந்த எதையும் நேரா லைன்ல மாட்ட மாட்டார், பல்பு வழியாத்தான். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ்னா 53 ஓம், பல்போட 529-க்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல, பாக்ஸுக்கு 21 வோல்ட் போக மிச்சம் 209 பல்புக்கு, கொஞ்சம் மங்கலா எரியும். உள்ள ஷார்ட்டுன்னா பளிச்சுன்னு எரியும், அப்பவும் 0.43 ஆம்பியருக்கு மேல போகாது, ஃபியூஸ் தப்பிச்சிரும். எலிமெண்ட் அறுந்திருந்தா பல்பு எரியாது.

இந்தக் கடைசி கேஸ்ல பாக்ஸ் மேல எத்தன வோல்ட்னு அக்கா பொண்ணுகிட்ட கேட்டேன். பல்பே எரியல, அப்ப பூஜ்யம்ன்னா. அதுதான் இல்ல. கரண்ட் பூஜ்யம், அதனால பல்புல விழற வோல்டேஜ் பூஜ்யம், அப்ப முழு 230-உம் அறுந்த அந்த எடத்துலதான் நிக்கும். அறுந்த ரெண்டு முனையிலயும் கை பட்டுச்சுன்னா சர்க்யூட்ல எலிமெண்டுக்கு பதிலா நம்ம உடம்பு, எரியாத பல்போட கம்பி சூடாகாம இருக்கறப்ப ஐம்பது ஓம் கூட இருக்காது, அது எதையும் தடுக்காது.

அவ பேனாவ வச்சிட்டு கொஞ்ச நேரம் அந்த சர்க்யூட் படத்தையே பாத்துட்டிருந்தா. பெரியப்பா பல்பு எரியலைன்னா முதல்ல பிளக்க புடுங்கி பெஞ்ச் மேல கண்ணுல படுற மாதிரி வைப்பார், அதுக்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர கையில எடுப்பார்.